கூறு போடும் முன் அரைக்க வேண்டும்

பாலக்காட்டுப் பக்கம் வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம். இடுக்கிப் பக்கம் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு, சின்னார். தமிழ்நாட்டுப் பாலும் காய்கறியும் தானியமும் மாட்டுத்தீவனமும் இந்த வாசல்கள் வழியாகக் கேரளத்துக்குள் போகின்றன. ஏலக்காயும் மிளகும் தேயிலையும் எதிர்த்திசையில் மலையிறங்கி வருகின்றன. ஓணம் நெருங்கும் வாரங்களில் இந்தச் சாவடிகளில் சோதனை கூடும். மீனாட்சிபுரத்தில் கேரளப் பால்வளத் துறைக்கு நிரந்தரமான பரிசோதனைக் கூடமே இருக்கிறது. எடுத்த மாதிரியைப் பற்றி வரும் அறிக்கையில் கருவியின் பெயர், முறையின் எண், தசமப் புள்ளியோடு ஒரு விடை எல்லாம் இருக்கும். அந்தப் பொருளை எப்படி அரைத்தார்கள், அரைத்த பிறகு கூறு போட்டார்களா, கூறு போட்ட பிறகு அரைத்தார்களா என்ற விவரம் பெரும்பாலும் இருக்காது. அந்த விவரம் இல்லாத எண்ணை வைத்து ஒரு வியாபாரியைத் தண்டிப்பதும் விடுவிப்பதும் சரியாகாது என்பதே என் வாதம்.

பாலில் இந்தச் சிக்கல் குறைவு. டேங்கரை நன்றாகக் கலக்கிவிட்டால் மேலே எடுத்தாலும் கீழே எடுத்தாலும் ஒரே பால்தான். அங்கேயும் மாதிரி எடுத்த நேரத்துக்கும் சோதித்த நேரத்துக்கும் இடையில் பொருள் மாறிவிடலாம். 2023 ஜனவரியில் கொல்லம் மாவட்டத்து ஆரியங்காவுச் சாவடியில் 15,300 லிட்டர் பாலுடன் வந்த டேங்கரைப் பால்வளத் துறை பிடித்தது. ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்திருப்பதாகச் சாவடிச் சோதனை சொன்னது. உணவுப் பாதுகாப்புத் துறையின் ஆய்வகம் பிறகு சோதித்தபோது அது அகப்படவில்லை. சில மணி நேரத்தில் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும் பொருள் அது. மாதிரி தாமதமாகச் சோதிக்கப்பட்டது என்று ஒரு துறையும், எங்கள் சோதனையில் இல்லை என்று இன்னொரு துறையும் நின்றன. கலக்கினால் ஒன்றாகிவிடும் திரவத்திலேயே இவ்வளவு தகராறு என்றால், மணி மணியாக, காய் காயாக இருக்கும் பொருளில் என்ன நடக்கும் என்று யோசிக்க வேண்டும்.

பாலிலிருந்தே அந்த மணிகளுக்குப் போகலாம். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 மே முதல் அக்டோபர் வரை நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. கலப்படத்தைத் தேடிப் போன அந்த ஆய்வில், கலப்படத்தால் பாதுகாப்பற்றதாக இருந்தவை 12 மட்டுமே. எதிர்பாராமல் தெரியவந்தது வேறொன்று: 368 மாதிரிகளில் அஃப்ளடாக்சின் எம்1 என்ற பூஞ்சண நஞ்சு, கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டில் 551-க்கு 88. கேரளத்தில் 187-க்கு 37. ஆறில் ஒன்றும் ஐந்தில் ஒன்றும். இந்த எல்லையின் இரண்டு பக்கமும் பட்டியலின் மேல்வரிசையில் இருந்தன.

இந்த நஞ்சைப் பாலில் யாரும் ஊற்றுவதில்லை. மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு போன்றவற்றில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சணம் வளர்ந்தால் அஃப்ளடாக்சின் பி1 உண்டாகிறது. மாடு அதைத் தின்றால் ஈரல் அதை எம்1 ஆக மாற்றி, ஒரு பங்கைப் பாலில் விடுகிறது. பொதுவாக 1 முதல் 3 சதவீதம். அதிகம் கறக்கும் மாடுகளில் இன்னும் கூடும். தீவனம் தின்ற ஒரு நாளைக்குள் பாலில் தெரிந்துவிடும். கெட்ட தீவனத்தை நிறுத்தினால் சில நாளில் மறைந்துவிடும். காய்ச்சினாலும் போகாது, பாஸ்சுரைஸ் செய்தாலும் போகாது.

கணக்கு இப்படி வரும். 10 லிட்டர் கறக்கும் ஒரு மாடு நாளுக்கு 5 கிலோ அடர்தீவனம் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தியத் தர நிர்ணயம் கறவைமாட்டுத் தீவனத்துக்கு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் பி1. அந்த அளவில் மாட்டுக்குள் போவது 100 மைக்ரோகிராம். 2 சதவீதம் பாலுக்கு வந்தால் லிட்டருக்கு 0.2. வரம்புக்குள் இருக்கிறது. தீவனத்தில் 60 இருந்தால் பாலில் 0.6 ஆகிவிடும், அந்தப் பால் சட்டப்படி விற்கத் தகாதது. ஆகவே பால் எப்படி இருக்கும் என்பது தீவன ஆலையின் வாசலில், மக்காச்சோள லாரி நிற்கும் இடத்திலேயே தீர்மானமாகிறது. மலம்புழாவில் மில்மாவின் மாட்டுத்தீவன ஆலை இருக்கிறது. கேரளத்தில் மக்காச்சோளச் சாகுபடி மிகக் குறைவு. ஆலைகளுக்கு வேண்டியது தமிழ்நாடு, கர்நாடகம் போன்ற வெளிமாநிலங்களிலிருந்து வருகிறது. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி என்று தமிழ் பேசும் பஞ்சாயத்துகள் நிறைந்த சித்தூர் வட்டாரம் கேரளத்தின் முக்கியமான பால் வட்டாரங்களில் ஒன்று. அங்கே இரண்டு மாடு வைத்திருப்பவர் வாங்கும் தீவன மூட்டையின் நலம், அந்த லாரியிலிருந்து எடுத்த ஒரு பை மாதிரியை நம்பி இருக்கிறது.

அஃப்ளடாக்சின் உலகுக்குத் தெரியவந்ததே தீவனத்தால்தான். 1960-ல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகள் செத்தன; பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு காரணம் என்று கண்டுபிடித்தார்கள். நம் நாட்டில் 1974-ன் பிற்பகுதியில் ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில் மஞ்சள்காமாலை போன்ற நோய் பரவி 106 பேர் இறந்தார்கள். அறுவடை நேரத்து மழையில் நனைந்த மக்காச்சோளத்தை, வேறு சாப்பாட்டுக்கு வழியில்லாமல், வாரக்கணக்கில் தின்ற ஏழைகள் அவர்கள். நோய்க்கும் சோளத்துக்கும் உள்ள தொடர்பை ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 1975-ல் எழுதினார்கள்.

இந்த நஞ்சின் குணம் ஒன்று எல்லாச் சோதனையையும் குழப்புகிறது. அது சரக்கு முழுவதும் சமமாகப் பரவியிருக்காது. ஆயிரக்கணக்கான மணிகள் சுத்தமாக இருக்க, ஒன்றிரண்டில் மட்டும் குவிந்திருக்கும். தனி மணிகளை எடுத்து அளந்த ஆய்வாளர்கள், ஒரே மக்காச்சோள மணியில் கிலோவுக்கு 4,00,000 மைக்ரோகிராம் என்ற செறிவுவரை 1970-களிலேயே கண்டிருக்கிறார்கள். அப்படி ஒரு மணியைப் பின்தொடர்ந்து பார்ப்போம்.

மணியின் எடை 0.3 கிராம். அதற்குள் இருக்கும் நஞ்சு 120 மைக்ரோகிராம். லாரியிலிருந்து குத்தூசியால் பல மூட்டைகளில் குத்தி எடுத்துச் சேர்த்த மாதிரி 5 கிலோ. அதில் 16,000-க்கும் மேற்பட்ட மணிகள். மற்றவை எல்லாம் சுத்தம், இந்த ஒன்று மட்டும் கெட்டது என்றால், மாதிரியின் உண்மையான அளவு கிலோவுக்கு 24 மைக்ரோகிராம். பதினாறாயிரத்தில் ஒரு மணி, 20 என்ற தீவன வரம்பைத் தாண்ட வைத்துவிட்டது. மனிதர் உண்ணும் தானியத்துக்கான 15 என்ற வரம்பையும் தாண்டிவிட்டது.

இந்த 5 கிலோவை முழு மணிகளாகவே நான்கு கூறாகப் பிரித்தால் என்ன ஆகும்? ஒரு கூறில் கிலோவுக்கு 96. மற்ற மூன்றில் பூஜ்யம். நான்கையும் உலகின் மிகச் சிறந்த கருவியில் சோதித்தாலும் விடை அதுதான் வரும். நான்கு ஆய்வகங்களும் உண்மையையே சொல்லியிருக்கும். நான்கும் அந்த லாரியைப் பற்றித் தவறாகச் சொல்லியிருக்கும்.

இந்த இடத்தில் சட்டத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின் 47-ஆம் பிரிவுப்படி, அதிகாரி எடுத்த மாதிரியை நான்கு பகுதியாகப் பிரித்து முத்திரையிட வேண்டும். ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்கு. இரண்டு நியமன அதிகாரியிடம் பாதுகாப்பில். நான்காவது, வியாபாரி கேட்டுக்கொண்டால், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு. முதல் அறிக்கையை எதிர்த்து முறையிட்டால் பாதுகாப்பில் உள்ள பகுதி மேல் ஆய்வகத்துக்குப் போகும். நியாயத்துக்காக வைத்த ஏற்பாடு இது. இதன் நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் நான்கு பகுதிகளும் ஒன்றுபோல் இருக்கும் என்ற எண்ணத்தின் மேல் அது நிற்கிறது. எண்ணெயிலும் பாலிலும் அந்த எண்ணம் சரி. மக்காச்சோளத்திலும் கடலையிலும் வற்றல் மிளகாயிலும் அது பிழை. ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் பூஞ்சண நஞ்சுகளுக்காகக் கொண்டுவந்த, 2024 வரை நடப்பில் இருந்த 401-ஆம் எண் விதியில் வரிசை வேறாக இருந்தது: சேர்த்தெடுத்த மாதிரி முழுவதையும் நன்றாக அரைத்து ஒருபடித்தாக்கி, அதன் பிறகே அரசுத் தரப்புக்கு, வியாபாரிக்கு, நடுவருக்கு என்று பகுதிகள் எடுக்க வேண்டியிருந்தது. நாம் பிரித்துவிட்டு அரைக்கிறோம். அவர்கள் அரைத்துவிட்டுப் பிரிக்கிறார்கள்.

அரைத்தால் போதுமா? எந்த அளவுக்கு அரைக்கிறோம் என்பதில் மீதி இருக்கிறது. அதே 5 கிலோவை முழுவதும் அரைத்து, அதிலிருந்து சோதனைக்கு 25 கிராம் எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 25 கிராம் என்பது இருநூறில் ஒரு பங்கு. துகள் 1 மி.மீ. அளவில் இருந்தால், கெட்ட மணி தோராயமாக 240 துண்டாகியிருக்கும். இருநூறில் ஒரு பங்கில் வரக்கூடியது சராசரியாக ஒன்றேகால் துண்டுக்கும் கொஞ்சம் குறைவு. ஒரு துண்டு வந்தால் விடை 20. இரண்டு வந்தால் 40. ஒன்றுமே வராமல் போக ஏறத்தாழ 30 சதவீத வாய்ப்பு. அதாவது மூன்று முறை சோதித்தால் ஒரு முறை சுத்தம் என்று வரும். துகளைப் பாதியாக்கி 0.5 மி.மீ. ஆக்கினால் மணி 1,900 துண்டுக்கு மேல் ஆகிறது. 25 கிராமில் பத்துத் துண்டு வரும். விடை பெரும்பாலும் 16-க்கும் 32-க்கும் நடுவில் விழும். இன்னும் பாதியாக்கி 0.25 மி.மீ. ஆக்கினால் எழுபத்தைந்து துண்டுக்கு மேல் வரும். விடை பெரும்பாலும் 24-ஐ ஒட்டி மூன்று புள்ளிக்குள் அடங்கிவிடும். கருவி மாறவில்லை, ரசாயனம் மாறவில்லை, வேலை செய்பவர் மாறவில்லை. சல்லடை மட்டும் மாறியது.

துகளின் அகலத்தைப் பாதியாக்கினால் துண்டுகள் எட்டு மடங்காகும் என்பதுதான் இதன் அடிப்படை. இதைக் கோட்பாடாக்கியவர் பியர் ஜி என்ற பிரெஞ்சுப் பொறியாளர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றில் வேலை பார்த்தபோது, கனிமக் குவியலிலிருந்து எவ்வளவு எடுத்தால் நம்பலாம் என்ற கேள்வியில் தொடங்கி, வாழ்நாள் முழுவதும் அதிலேயே உழைத்தார். மாதிரிப் பிழையின் வர்க்கம் துகள் அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு சேர்ந்து ஏறும் என்று அவர் நிறுவினார். பாலக்காட்டின் அட்டப்பாடிப் பள்ளத்தாக்கில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தங்கத்தைத் தேடியபோது எதிர்கொண்டிருக்கக்கூடிய சிக்கலும் இதே சிக்கல்தான்: டன்னுக்குச் சில கிராம் தங்கம், அதுவும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துளியாக. கல்லில் தங்கத்துளி எப்படியோ, சோளத்தில் கெட்ட மணி அப்படி.

அமெரிக்க வேளாண் துறைக்காரர்கள் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்றில், 1.13 கிலோ மக்காச்சோள மாதிரியை அரைத்து 50 கிராம் எடுத்து, நவீன திரவ நிறப்பிரிகைக் கருவியில் சோதித்தார்கள். மொத்தச் சிதறலில் லாரியிலிருந்து மாதிரி எடுத்ததன் பங்கு 77.8 சதவீதம்; அரைத்துக் கூறு எடுத்ததன் பங்கு 20.5, கருவியின் பங்கு 1.7. அந்த 1.7-ஐக் குறைக்கத்தான் நம் ஆய்வகங்கள் கோடி ரூபாய்க் கருவிகளுக்கு மனு எழுதுகின்றன. கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நஞ்சை உறுதி செய்ய அது வேண்டும். குத்தூசிக்கும் அரவைக்கும் பணமும் ஆளும் ஒதுக்காமல் கருவியை மட்டும் வாங்கி வைப்பது பாலைக் குடிக்கும் குழந்தைக்குப் பயன்படாது.

இப்போது இந்த அரவைக்கு ஏற்ற இயந்திரமான ஹேமர் மில்லுக்கு வரலாம். கோவைப் பக்கத்துப் பட்டறைகளில் பல்வரைசர் என்ற பெயரில் செய்யப்படுபவையும் பெரும்பாலும் இந்த வகைதான். நடுவில் வேகமாகச் சுழலும் தண்டு. அதில் ஆணி கோத்துத் தளர்வாகத் தொங்கும் எஃகுச் சுத்திகள். சுழற்சி ஏறியதும் சுத்திகள் விறைத்து நிற்கும். மேலிருந்து விழும் மணி அடிபட்டுச் சிதறி, எதிர்ச் சுவரில் மோதி, மறுபடி அடிபடும். அடியில் வளைவாக ஒரு சல்லடைத் தகடு. துளைக்குள் நுழையும் அளவுக்குச் சிறுத்தால்தான் துகள் வெளியேற முடியும். துகள் சாய்வாக வந்து மோதுவதால், 1 மி.மீ. துளையில் வெளிவருவது பெரும்பாலும் அதைவிடப் பொடியாகவே இருக்கும். கோதுமை மாவின் தரத்தைப் பார்க்கும் ஃபாலிங் நம்பர் சோதனைக்கான ஐ.எஸ்.ஓ. 3093 நெறி, 0.8 மி.மீ. சல்லடை போட்ட ஹேமர் மில்லில் அரைக்கச் சொல்கிறது.

ஆய்வகத்துக்கு இந்த இயந்திரம் தரும் பெரிய உதவி, அது நிற்காமல் அரைக்கும் என்பதே. மிக்சி ஜாரில் நூறு இருநூறு கிராம்தான் கொள்ளும். அதனால் 5 கிலோவைக் குறைத்துக் குறைத்து நூறு கிராமாக்கி, அதை மட்டும் அரைக்கிற பழக்கம் வந்துவிடுகிறது. மேலே பார்த்த மணி அந்தக் குறைப்பிலேயே தொலைந்துவிடும். ஹேமர் மில்லில் 5 கிலோவையும் சில நிமிடத்தில் தள்ளிவிடலாம். அமெரிக்காவில் டிக்கன்ஸ், சாட்டர்வைட் என்ற இருவர் 1969-ல் கடலைக்கென்று ஒரு மில்லை வடிவமைத்தார்கள். அரைபட்டு வெளியேறும்போதே, சிறு பங்கு ஒன்றை ஓயாமல் தனிப் பாதையில் திருப்பிவிடும் ஏற்பாடு அதில் இருந்தது. முழு மாதிரியும் அரைபடும். அதன் எல்லாப் பகுதியிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் சேரும். பின்னால் வந்த கூறெடுக்கும் மில்கள் எல்லாம் இந்த யோசனையின் வழியில் வந்தவை.

தீவன ஆலையில் ஏற்கெனவே பெரிய ஹேமர் மில் ஓடுகிறதே, அதில் அரைபட்டதை எடுத்தால் ஆகாதா என்று கேட்கலாம். ஆலையில் குருணை செய்ய 3, 4 மி.மீ. துளை போதும். சோதனைக்கு அது போதாது என்பதை மேலே உள்ள கணக்கே காட்டும். ஆலையில் அரைபடும் நேரத்தில் சரக்கு உள்ளே வந்து கலந்தும் விட்டிருக்கும்.

இயந்திரத்தின் குறைகளைத் தெரிந்துகொண்டால்தான் அதை நம்பலாம். முதல் குறை மிச்சம். ஒரு மாதிரி முடிந்ததும் மூடியைத் திறந்து பார்த்தால், சுத்தி ஆணிகளின் இடுக்கிலும் சல்லடையின் விளிம்பிலும் மாவு அப்பியிருக்கும். கிலோவுக்கு 500 மைக்ரோகிராம் நஞ்சுள்ள சரக்கு அப்படி 10 கிராம் தங்கிவிட்டு, அடுத்து ஒரு கிலோ சுத்தமான மாதிரி போனால், அதில் ஏறத்தாழ 5 மைக்ரோகிராம் காட்டும். உணவுத் தானிய வரம்பில் மூன்றில் ஒரு பங்கு, அந்த வியாபாரியின் தவறு ஏதுமின்றி. தூரிகையால் தட்டி, உறிஞ்சியால் இழுத்து, அடுத்த மாதிரியிலேயே ஒரு கைப்பிடியை முதலில் ஓட்டிக் கொட்டிவிட வேண்டும். நாளுக்கு நாற்பது மாதிரி வந்தால் முதலில் கைவிடப்படும் வேலை இதுவாகத்தான் இருக்கும். அதனால்தான் அரவை அறைக்குத் தனி ஆள் வேண்டும் என்கிறேன். அவருக்குப் பயிற்சியும் மதிப்பும் வேண்டும்.

அந்த ஆளின் நெஞ்சுக்கும் காவல் வேண்டும். அஃப்ளடாக்சின் மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது. ஹேமர் மில் காற்றோடு சேர்த்துத் தூசியைத் தள்ளும் இயந்திரம். தூசிப்பையும் காற்று உறிஞ்சும் அமைப்பும் முகக்கவசமும் இல்லாத அறையில் நாள் முழுவதும் நிற்கிறவர், மற்றவர்களின் பாலைக் காக்கத் தன் ஈரலைக் கொடுக்கிறார்.

அடுத்தது ஈரம். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் வரும் சோளத்தில் ஈரம் கூடுதல். ஈர மணி நொறுங்காது, நசுங்கும், சல்லடைத் துளையை மாவு அடைத்துக்கொள்ளும், இயந்திரம் சூடாகும். முன்கூட்டியே மெல்லிய சூட்டில் உலர்த்தித்தான் அரைக்க வேண்டும். அரைக்கும்போது ஈரம் ஆவியாவதால், ஈரப்பதத்துக்கான பங்கைத் தனியாக, முன்னதாக எடுத்து வைத்துவிட வேண்டும். எண்ணெய் கசியும் தேங்காய்ப் புண்ணாக்கு சல்லடையைச் சாந்து பூசியதுபோல் மூடிவிடும். அத்தகைய பொருளைத் தண்ணீர் சேர்த்துக் கூழாக அடிப்பதே மேல். கொட்டைப் பருப்பு வகைகளுக்கும் அத்திப்பழத்துக்கும் ஐரோப்பிய ஆய்வகங்கள் அப்படித்தான் செய்கின்றன. இரும்பும் ஒரு குறை. சுத்தியின் முனை தேயத் தேய இரும்பும் மாங்கனீசும் மாவில் சேரும். நுண்ணூட்டச் சத்துக்கு மண்ணையும் இலையையும் சோதிப்பவர்கள் இதனால் இந்த மில்லைத் தவிர்க்கிறார்கள். மூணாறு, வண்டிப்பெரியார்ப் பக்கத்துத் தேயிலை ஆலைக்காரர்களுக்கு இது புதிதல்ல. உருளைகள் தேய்ந்து தூளில் சேரும் இரும்புத் துகளுக்குச் சட்டமே வரம்பு வைத்திருக்கிறது.

சூட்டைப் பற்றி மக்காச்சோளத்தில் நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. அஃப்ளடாக்சின் இருநூறு டிகிரியையும் தாங்கும். மில்லின் சூடு அதை ஒன்றும் செய்யாது. குமுளிக்கு மேலே, ஏலமலையில் நிலைமை தலைகீழ்.

வண்டன்மேடு, புற்றடி, நெடுங்கண்டம், சாந்தன்பாறை. இந்தியாவின் ஏலக்காயில் பெரும்பங்கு விளையும் ஊர்கள். மயிலாடும்பாறையில் 1978 முதல் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. புற்றடியிலும் மலைக்குக் கீழே போடிநாயக்கனூரிலும் மின்னணு ஏலம் நடக்கிறது. ஏலத்தில் விலை வைப்பது நிறத்தையும் பருமனையும் லிட்டர் எடையையும் பார்த்து. அங்கே அரவைக்கு வேலையில்லை. ஏற்றுமதிக்கோ வழக்குக்கோ போகும்போதுதான் அரைக்க வேண்டியிருக்கிறது.

ஏலக்காயில் மணம் விதைக்குள் இருக்கிறது: சினியோல், டெர்பினைல் அசிட்டேட் போன்ற எளிதில் ஆவியாகும் எண்ணெய்கள். வெளியிலிருந்து தெளித்த பூச்சிக்கொல்லி முதலில் படிவது தோலில். விதை கடினம், நொறுங்கும். தோல் நார், மடங்கும். ஹேமர் மில்லில் போட்டால் விதை உடனே பொடியாகிச் சல்லடை வழியே இறங்கிவிடும். தோல் நாராகி மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அவசரக்காரர் இயந்திரத்தை நிறுத்தி, மேலே நின்றதைத் தட்டிக் கொட்டிவிட்டுப் பொடியை மட்டும் எடுத்துப்போனால், பூச்சிக்கொல்லியின் ஒரு பகுதியைக் குப்பையில் போட்டுவிட்டுச் சோதிக்கிறார். உள்ளே போட்ட எடை முழுவதும் சல்லடையைக் கடந்தாக வேண்டும். இதற்குத் தள்ளுபடி கிடையாது.

சூடு இங்கே எதிரி. அறைச் சூட்டில் வேகமாக அரைத்தால் எண்ணெய் காற்றில் போகும். அந்த அறையின் கமகமப்பே இழப்பின் அளவு. 2024-ல் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் இந்திய மசாலாப் பொடிகள் சிலவற்றில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாக எச்சரித்தன. அந்தப் பொருள் 10.7 டிகிரியிலேயே கொதித்து ஆவியாவது. முழு மசாலாவைச் சூடேறும் மில்லில் அரைத்துவிட்டு அதைத் தேடினால் உள்ளதைவிடக் குறைவாகவே கிடைக்கும். அதிலிருந்து உண்டாகி நிலைத்து நிற்கும் குளோரோஎத்தனாலையும் சேர்த்து அளக்க வேண்டும் என்று ஐரோப்பா வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு நியாயம்.

வழி உண்டு. ஏலக்காயோடு உலர்பனிக்கட்டித் துண்டுகளைச் சேர்த்து மில்லில் போட்டால் வெப்பநிலை மைனஸ் 78 டிகிரியை நோக்கி இறங்கும். அந்தக் குளிரில் நாரும் கண்ணாடிபோல் நொறுங்கும், எண்ணெயும் போகாது. சூட்டில் பொருந்தாத ஹேமர் மில் குளிரில் நன்றாகவே வேலை செய்கிறது. திரவ நைட்ரஜன் ஊற்றி மிளகை அரைப்பது பற்றிக் காரக்பூர் ஐ.ஐ.டி.யும் மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமும் நிறைய ஆய்வு செய்திருக்கின்றன. அரைத்த பிறகு உலர்பனி முழுவதும் ஆவியாகும்வரை உறைபெட்டியில் மூடியைத் தளர்த்தி வைத்து, பிறகே எடை போட வேண்டும். இல்லாவிட்டால் கார்பன் டை ஆக்சைடையும் ஏலக்காயாக நிறுத்துவிடுவோம்.

சபரிமலைப் பிரசாதமான அரவணைப் பாயசம் பற்றிய வழக்கில் இந்த ஏலக்காய் நீதிமன்றம்வரை போனது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஆய்வகம் அதில் சேர்த்த ஏலக்காயில் 14 பூச்சிக்கொல்லிகள் வரம்பு மீறியிருப்பதாகச் சொல்ல, 2023 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. 6.65 லட்சம் டின்கள் தேங்கின. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. டின்கள் அதற்குள் பழையதாகிவிட்டன. அந்தத் தீர்ப்புகளின் சரி தவறுக்குள் நான் போகவில்லை. ஒரு பை ஏலக்காயின் மேல் எவ்வளவு பெரிய முடிவுகள் ஏறி உட்காரக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இனிச் செய்ய வேண்டியது என்ன? 47-ஆம் பிரிவின் நான்கு பகுதி ஏற்பாடு அப்படியே இருக்கட்டும். பூஞ்சண நஞ்சுக்காக மணிகளாகவோ காய்களாகவோ எடுக்கும் மாதிரிக்கு மட்டும், அரைத்துவிட்டுப் பிரிக்கலாம் என்று விதி தெளிவாக இடம் தர வேண்டும். மீனாட்சிபுரத்தில் கட்டடம் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது. தூசி உறிஞ்சும் அமைப்போடு ஒரு ஹேமர் மில், கூறெடுக்கும் பெட்டி, பயிற்சி பெற்ற இருவர். குமுளியிலும் அப்படி ஒன்று. வியாபாரியோ ஓட்டுநரோ எதிரில் நிற்க, அவர் சரக்கிலிருந்து எடுத்த மாதிரி முழுவதும் அரைபட்டு, ஒரே மாவிலிருந்து நான்கு பொட்டலம் முத்திரையாக வேண்டும். பிறகு எந்த ஆய்வகத்துக்குப் போனாலும் விடைகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். வேறுபாடு வந்தால் அது ஆய்வகத்தின் வேறுபாடு என்று தெரியும். அறிக்கையில் மூன்று வரி கூடுதலாக அச்சிட வேண்டும்: எவ்வளவு கிலோ எடுத்தது, அதில் எவ்வளவு அரைத்தது, எந்தச் சல்லடையில்.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று இருக்கிறது. அரைத்துவிட்டால் கல், தூசி, செத்த பூச்சி, வேற்று விதை எதையும் பார்க்க முடியாது; ஈரப்பதம் மாறிவிடும்; மணப் பொருளில் எண்ணெய் நாளுக்கு நாள் குறையும். உண்மை. ஆகவே இரண்டு பை எடுக்க வேண்டும்: கண்ணால் பார்க்க வேண்டியவற்றுக்கும் ஈரத்துக்கும் எண்ணெய்க்கும் முழுச் சரக்காக ஒன்று, நஞ்சுக்கு அரைத்துப் பிரிக்க ஒன்று. ஏலக்காயில் இரண்டாவது பை பூச்சிக்கொல்லிக்காகவும் போவதென்றால், அதைக் குளிரிலேயே அரைத்து உறைநிலையிலேயே எறணாகுளத்து ஆய்வகம்வரை கொண்டுபோக வேண்டும். குமுளியிலிருந்து அது மலைப்பாதையில் நாலைந்து மணி நேரப் பயணம். உலர்பனிப் பெட்டியும் அதற்கென ஒரு வண்டியும் இல்லாமல் இந்த ஏற்பாடு அங்கே ஓடாது. முதல் வருடச் செலவுத் திட்டத்தில் மில்லுக்கு முன்னால் எழுத வேண்டியவை அந்த இரண்டும்தான்.